தாய்க்கு நோய், பிள்ளைக்குத் தண்டனையா?

“தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை” என்பது எம்மவரின் பழமொழி. பழமொழி என்றதும் கேள்வியின்றித் தலைவணங்கும் பழக்கம் எமது சமுதாயத்தில் இன்னும் மறைந்துவிடவில்லை. ஆனால் இந்தப் பழமொழி ஒரு பள்ளிக்கூட முற்றத்திலே, பத்து வயதுச் சிறுமி ஒருத்தியின் முகத்தில் கல்லைப்போல எறியப்பட்டதை நான் கண்டிருக்கிறேன். எறிந்தவர்கள் சிறுவர்களல்லர், பிள்ளைகளை அழைத்துச் செல்ல வந்த பெரியவர்கள். அச்சிறுமி செய்த குற்றம் யாது? அவளுடைய தாய் ஒரு மனநோயாளி. அவ்வளவுதான்.

நான் ஓர் ஆசிரியன். அச்சிறுமி என் வகுப்பில் இருந்தாள். ஐந்தாம் வகுப்பு, புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பிள்ளைகளைப் பிழிந்தெடுக்கும் வகுப்பு. அவள் அடிக்கடி பிந்தி வருவாள். பிந்தி வருவோரை வாசலில் நிறுத்திவைப்பது எங்கள் பாடசாலையின் ஒழுங்கு. அவளையும் நிறுத்தினோம். “நிறுத்தினார்கள்” என்று எழுதித் தப்பிக்க விரும்பவில்லை, நானும் நிறுத்தினேன். ஒரு மாத முடிவில் வரவு இடாப்பைக் கூட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணிற் பட்டது. நான்கு மாதங்களாக, ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அவளுடைய பெயருக்கு நேரே வரவு இல்லை. மறுநாள் அழைத்துக் கேட்டேன். நெடுநேரம் நிலத்தைப் பார்த்து நின்றாள். பின்னர், “அண்டைக்கு அம்மாவுக்கு ஊசி போடுற நாள், சேர். நான் போகாட்டி அம்மா பஸ்ஸில ஏறமாட்டா” என்றாள்.

அதன் பின்னர் கொஞ்சங் கொஞ்சமாகவே மற்றவை தெரியவந்தன. தந்தை வெளியூரில் கூலிவேலை, மாதமொருமுறை வருவார். விடியுமுன் எழுந்து தேநீர் வைப்பவள் அவள். தம்பிமார் இருவரையும் குளிப்பாட்டுபவள் அவள். தாய்க்குக் குளிசை கொடுத்து, அது விழுங்கப்பட்டதா என்று பார்ப்பவளும் அவளே. தாய் எழுந்திருக்க மறுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் நாட்களில் அவள் பிந்துவாள். தாய் நலமாயிருக்கும் நாட்களில் தலையை இழுத்துப் பின்னி, நேரத்துக்கு அனுப்பிவிடுவாள் அந்தத் தாய். ஒரு தாதியின் வேலை, ஒரு சமூகசேவை உத்தியோகத்தரின் வேலை, ஓர் இல்லத்தரசியின் வேலை ஆகிய மூன்றையும் சம்பளமின்றிச் செய்துவந்த பத்து வயதுத் தொழிலாளிக்கு நாங்கள் கொடுத்த கூலி, வாசலில் அரைமணி நேர வெயில்.

அனுதாபம் கோரி இதை நான் எழுதவில்லை. அனுதாபம் எம்மிடம் நிறைய உண்டு; அதைச் செலவிட எமக்குக் காசு தேவைப்படுவதுமில்லை. நான் சொல்ல வந்தது வேறு. மனநோயுற்ற தாயோ தந்தையோ உள்ள வீட்டிலே வளரும் பிள்ளையை அழிப்பது பெரும்பாலும் அந்த நோயன்று. அந்நோயைச் சுற்றி நாம் எழுப்பியிருக்கும் மௌனமும், அந்தப் பிள்ளையின் தலையில் நாம் இறக்கிவைத்திருக்கும் சுமையுமே. நோயை நாம் உண்டாக்கவில்லை. மௌனத்தையும் சுமையையும் நாமே உண்டாக்கினோம். ஆகவே அவற்றை நீக்கும் கடமையும் எம்முடையதே.

முதலில் அந்தப் பழமொழியின் கணக்கைப் பார்ப்போம். மனநோய்களிற் கடுமையானது என்று எம்மவர் அஞ்சும் மனச்சிதைவு நோயையே எடுத்துக்கொள்வோம். பொதுவாக நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் வருகிறது. தாய், தந்தை இருவரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பேருக்கு வரலாம் என்று ஆராய்ச்சிகள் கூறுகின்றன. பரம்பரைக்கு இதில் பங்குண்டு என்பதை மறுப்பது விஞ்ஞானத்தை மறுப்பதாகும். ஆனால் அதே விஞ்ஞானம் மறுபக்கத்தையும் சொல்கிறது: அந்த நூறு பிள்ளைகளில் ஏறத்தாழத் தொண்ணூறு பேருக்கு இந்நோய் வருவதில்லை. சுவிற்சர்லாந்தின் மனநோய் மருத்துவரான மன்பிரெட் புளூலர், இருநூறுக்கு மேற்பட்ட நோயாளிகளையும் அவர்தம் பிள்ளைகளையும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து அவதானித்து 1972ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். அப்பிள்ளைகளிற் பெரும்பாலோர் நலமாகவே வளர்ந்து, தொழில் செய்து, குடும்பம் நடத்தியதை அவர் கண்டார். நூலைப் போலச் சேலை என்றால், தொண்ணூறு சேலைகள் பழுதின்றி நெய்யப்பட்ட பின்னும் தறியையே தூற்றிக்கொண்டிருப்பது என்ன நியாயம்?

அப்படியாயின் இப்பழமொழி ஏன் சாகவில்லை? அது சந்தையில் விலைபோவதனாலேயே சாகவில்லை. எந்தச் சந்தை? கலியாணச் சந்தை. சாதியையும் சீதனத்தையும் காணியையும் தராசில் வைத்து நிறுக்கும் குடும்பங்கள், “பரம்பரையில் விசர் இருக்கிறதா?” என்பதையும் சேர்த்தே விசாரிக்கின்றன. ஆதலால், நோயுற்றவரை மறைப்பது குடும்பத்தின் முதற் கடமையாகிவிடுகிறது. “விசர்” என்ற அந்தச் சொல்லையே பாருங்கள். கோபம் வந்தாலும் விசர். பிடிக்காத கருத்தும் விசர்க்கதை. அயலானின் பகட்டும் விசர்வேலை. நாளொன்றுக்கு நூறுமுறை நாம் வாய்கூசாது உச்சரிக்கும் அச்சொல், உண்மையாகவே நோயுற்ற ஒருத்தியின் மகளுடைய காதில் எப்படி விழும் என்று எண்ணிப்பார்த்தவர் எத்தனை பேர்?

மறைப்பதிலும் வர்க்கம் உண்டு. வசதி படைத்தவன் வீட்டில் நோய் வந்தால் அதற்கு “நரம்புத் தளர்ச்சி” என்று பெயர். கொழும்பிலே தனியார் வைத்தியசாலை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேலைக்காரி. பாட்டுக்கும் பாடத்துக்கும் தனித்தனி ஆசிரியர்கள். கூலிக்காரன் வீட்டில் அதே நோய் வந்தால் அது ஊர்ச் சிரிப்பு. வேலியில்லாத வீட்டிலும், சுவரொன்றுக்கு அப்பால் அடுத்த குடும்பம் மூச்சுவிடும் தோட்டத்து லயன் அறையிலும் எதை மறைப்பது? அங்கே பிள்ளை தானே வேலியாக நிற்கிறது. தாயின் கூக்குரலுக்கும் ஊராரின் காதுக்கும் இடையில் நின்று, “அம்மாவுக்குத் தலையிடி” என்று பொய் சொல்லப் பழகுகிறது. வறுமையும் நோயும் ஒன்றையொன்று வளர்க்கும். நோயினால் வேலை போகிறது. வேலை போனதால் பஸ் காசு இல்லை. பஸ் காசு இல்லாததால் கிளினிக் தவறுகிறது. கிளினிக் தவறியதால் நோய் முற்றுகிறது. இந்தச் சக்கரத்தின் அச்சாணியாகச் சுழல்வது பத்து வயதுப் பிள்ளை.

இனி மௌனத்தைப் பார்ப்போம். தாய்க்கு என்ன நேர்ந்தது என்று பிள்ளைக்கு எவரும் சொல்வதில்லை. “சின்னப்பிள்ளைக்கு என்ன தெரியும்?” என்பார்கள். எல்லாம் தெரியும், காரணம் மட்டுமே தெரியாது. காரணம் தெரியாத பிள்ளை தானே ஒரு காரணத்தைப் படைத்துக்கொள்கிறது. “நான் சொல்வழி கேட்கவில்லை, அதனால்தான் அம்மா இப்படியானா” என்பதே அது படைக்கும் காரணம். நோயைப் பற்றி வயதுக்கேற்ற வகையில் நாலு வார்த்தை சொல்ல ஆளில்லாமையால், ஒரு குழந்தை தன்னையே குற்றவாளியாக்கி, தானே நீதிபதியாகவும் இருந்து, தனக்குத் தண்டனை விதித்துக்கொள்கிறது. அந்தத் தண்டனைக் காலம் பல வேளைகளில் ஆயுட்காலம்.

லண்டனில் மைக்கல் றட்டர் என்னும் மருத்துவர், நோயுற்ற பெற்றோரின் பிள்ளைகளை ஆராய்ந்து 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலும் அதன் பின்வந்த ஆய்வுகளும் ஓர் உண்மையை நிலைநாட்டின. பெற்றோரின் நோய்க்கு மருத்துவர் இடும் பெயரைக் காட்டிலும், அந்த வீட்டில் நிலவும் பகையும் பிணக்கும், பிள்ளையே அவற்றுக்கு இலக்காவதும்தான் பிள்ளையைக் கூடுதலாகப் பாதிக்கின்றன. இவ்வுண்மை எம்மைக் குற்றஞ்சாட்டுகிறது. கூடவே நம்பிக்கையும் தருகிறது. வீட்டுப் பிணக்கைத் தணிக்கலாம். நோயைப் பற்றிப் பிள்ளைக்கு விளக்கலாம். என்றும் மாறாத ஒரு பெரியவரை, அம்மம்மாவையோ மாமியையோ ஆசிரியரையோ, அப்பிள்ளைக்குத் துணையாக்கலாம். இவற்றுள் எதற்கும் அதிசய மருந்து தேவையில்லை.

ஆனால் எம்மிடையே இதற்கென்றே கடைவிரித்திருப்போர் வேறுளர். செய்வினை என்றும், பேய் என்றும், முற்பிறப்பின் வினை என்றும் கூறி, நூல்கட்டியும் கழிப்புக் கழித்தும் அந்தக் குடும்பத்தின் கடைசித் தோட்டையும் கழற்றிக்கொள்வோர் அவர்கள். ஊசியினாலும் குளிசையினாலும் தணிக்கக்கூடிய நோயை, வேப்பிலையால் அடித்து விரட்ட முயலும்போது, கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது பிள்ளை. தன் தாயை ஊரார் பிடித்துவைத்து அடிப்பதைக் கண்ட பிள்ளைக்கு, “இது தெய்வச் செயல்” என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? விதியின்மேல் பழிபோடுவோருக்கு ஒரு சௌகரியம் உண்டு: விதியிடம் எவரும் கணக்குக் கேட்க முடியாது.

விதியிடம் கேட்க முடியாத கணக்கை அரசாங்கத்திடம் கேட்கலாம் அல்லவா? கேட்போம். மனநோயாளர் பற்றி இந்நாட்டில் இயற்றப்பட்ட அடிப்படைச் சட்டம் 1873ஆம் ஆண்டுக்குரியது; பிரித்தானியர் ஆக்கியது; 1956இல் திருத்தப்பட்டது. நோயாளியை விசாரிப்பது, அடைப்பது, காவலில் வைப்பது என்பவையே அச்சட்டத்தின் மூலக் கவலைகள். நோயாளியின் பின்னால் ஒரு வீடு உண்டு, அந்த வீட்டில் ஒரு பிள்ளை உண்டு என்ற எண்ணம் அதை எழுதியோருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அச்சட்டத்தின் நிழலில் வளர்ந்த அங்கொடை ஆஸ்பத்திரி, நாடெங்கும் ஒரு வசைச்சொல்லாயிற்று. இன்று அது தேசிய மனநல நிறுவகம். பெயர் மாறிவிட்டது, வசை மாறவில்லை.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், 2005இல், அரசாங்கம் மனநலக் கொள்கையொன்றை ஏற்றுக்கொண்டது. நோயாளரைக் கொழும்புக்கு அனுப்பி அடைத்துவைக்காது, அவரவர் மாவட்டத்திலேயே வைத்தியமளித்து, சமூகத்தினிடையே பராமரிப்பது அதன் நோக்கு. அந்நோக்கு சரியானதே. மதிலுக்குள் மனிதரை மறக்கும் முறைக்கு எவரும் திரும்ப வேண்டியதில்லை. ஆயினும் “சமூகப் பராமரிப்பு” என்ற இந்த அழகிய தொடரில் வரும் சமூகம் யார்? கிராமத்திலே சென்று தேடிப் பாருங்கள். ஊர் ஒதுங்கி நிற்கும். உறவினர் நல்லநாள் பெருநாளுக்கும் வரமாட்டார்கள். எஞ்சியிருப்பது, கையில் கிளினிக் கொப்பியும் இடுப்பில் தம்பியுமாகப் பஸ்ஸுக்கு நிற்கும் அந்தச் சிறுமி. அவளே சமூகம், அவளே பராமரிப்பு.

இத்தாலியிலே இந்தப் பாடம் முன்னரே எழுதப்பட்டுவிட்டது. பிராங்கோ பசாலியா என்னும் இடதுசாரி மனநோய் மருத்துவரின் போராட்டத்தால், மனநோய் ஆஸ்பத்திரிகளை மூடுவதற்கு வழிவகுத்த 180ஆம் இலக்கச் சட்டம் 1978இல் அங்கு நிறைவேறிற்று. மனித விடுதலை வரலாற்றில் அது ஒரு பெரும் நிகழ்ச்சி. திரியெஸ்தே நகரைப் போல, ஊருக்குள் சிகிச்சை நிலையங்களை அமைத்துவிட்டு ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்த இடங்களில் அது வெற்றி பெற்றது. நிலையங்களை அமைக்காமல் கதவை மட்டும் திறந்த இடங்களிலோ, சுமை முழுவதும் குடும்பத்தின்மேல் விழுந்தது. குடும்பத்தின்மேல் விழும் சுமை எப்போதும் அக்குடும்பத்தின் பலமற்றவர் தலையிலேயே, அதாவது பெண்ணின் தலையிலும் பிள்ளையின் தலையிலுமே வந்து நிற்கும். கதவைத் திறப்பது மலிவு. நிலையம் அமைப்பது செலவு. மலிவானதைச் செய்து அதற்குச் சீர்திருத்தம் என்று பெயரிடும் ஆட்சியாளர் எல்லா நாட்டிலும் உண்டு.

இந்த இடத்தில் நல்லெண்ணங் கொண்ட சிலர் குறுக்கிடுவர். “அப்படியானால் அந்தப் பிள்ளைகளை எடுத்து ஒரு சிறுவர் இல்லத்தில் சேர்த்துவிடலாமே, நேரத்துக்குச் சோறு, நேரத்துக்குப் படிப்பு” என்பர். பிள்ளைக்கு ஆபத்து நேரும் வீடுகள் உண்டு. அங்கே பிரிப்பது தவிர்க்க முடியாததாகலாம். ஆனால் நோயை மட்டுமே காரணமாகக் காட்டிப் பிரிப்பது, தாய்க்கு வந்த நோய்க்காகப் பிள்ளையை நாடுகடத்துவதாகும். 1989இல் உருவாகி, 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயமும், பிள்ளையின் நலனுக்கு அவசியமானாலன்றிப் பெற்றோரிடமிருந்து பிரித்தலாகாது என்றே கூறுகிறது. என் வகுப்புச் சிறுமியிடம் ஒருவர் இந்த யோசனையைச் சொன்னார். “அப்ப அம்மாக்கு ஆர் குளிசை குடுக்கிறது?” என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லாத எந்தத் திட்டமும் அவளுக்கு உதவாது. தாய்க்கு உதவாமல் பிள்ளைக்கு உதவ முடியாது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து பணியாற்றி, போரின் உளவடுக்களை ஆராய்ந்தெழுதிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், தனிமனிதனை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையுமே நோயுற்றதாகவும் குணமாவதாகவும் காணவேண்டும் என்று வற்புறுத்தி வந்திருப்பது இங்கு நினைக்கத் தக்கது. 2009இல் துப்பாக்கிகள் ஓய்ந்தன. அன்று குழந்தைகளாயிருந்தவர்கள் இன்று பெற்றோராகி நிற்கிறார்கள். அவர்களுடைய நித்திரையில் இன்னும் ஓயாத வெடிச்சத்தத்தை, அடுத்த அறையிற் படுத்திருக்கும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இறுதியாக எம்முடைய தோழர்களுக்கு ஒரு சொல். மனநோய் என்பது வயிறு நிறைந்தவரின் நோய் என்று ஏளனஞ் செய்வோர் எம்மிடையே உளர். சமுதாய அமைப்பு மாறிவிட்டால் இவையெல்லாம் தாமே மறைந்துவிடும் என்று சொல்லி, அதுவரை கைகட்டி நிற்போரும் உளர். மேடையேறி எதிரியை வீழ்த்துவதற்கு “பைத்தியக்காரன்” என்ற சொல்லைக் கைக்கெட்டிய கல்லாகப் பொறுக்கி எறிவோரும் உளர். சுரண்டலற்ற சமுதாயத்திலும் சிலருக்கு மூளை நோயுறும். நீரிழிவு வருவதைப் போல, கசம் வருவதைப் போல. வேற்றுமை ஒன்றே: நல்ல சமுதாயத்திலே அந்நோய் ஒரு பிள்ளையின் பள்ளிப் படிப்பை விலையாகக் கேட்காது. அத்தகைய சமுதாயத்தைப் பற்றிப் பேச எமக்கு உரிமை வேண்டுமானால், இன்று எம் கையிலுள்ள பத்தாம் வாய்பாட்டு வேலையையாவது நாம் செய்திருக்க வேண்டும்.

அந்த வேலைகள் எவை? முதலாவது, கிளினிக்கிலே ஒரு கேள்வி: “உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா? அவர்களை யார் பார்க்கிறார்கள்?” நோர்வே நாட்டில் 2010 ஜனவரி முதல், நோயாளிக்கு வயதுவராத பிள்ளைகள் உண்டா என்று கண்டறிந்து, அவர்களுக்கு வேண்டிய விளக்கமும் உதவியும் கிடைக்க வழிசெய்வது மருத்துவ ஊழியரின் சட்டபூர்வமான கடமையாயிற்று. சுவீடனும் அதே ஆண்டில் அவ்வாறே செய்தது. அவை செல்வந்த நாடுகள் என்று சொல்லாதீர்கள். ஒரு கேள்வி கேட்பதற்கு அந்நியச் செலாவணி தேவையில்லை. இரண்டாவது, ஊசி போடும் தாதி வீட்டுக்குப் போக ஏற்பாடு. அல்லது நோயாளிக்கும் துணைக்கு வரும் பெரியவருக்கும் பஸ் காசு. மூன்றாவது, நோயுற்றவரைப் பராமரிக்கும் குடும்பத்துக்கு நிவாரணம். பிச்சையாக அல்ல, செய்யும் வேலைக்கு ஊதியமாக. இம்மூன்றையும் அரசாங்கத்திடம் கேட்டுப் போராட வேண்டியது தொழிற்சங்கங்களினதும் மாணவர் சங்கங்களினதும் கடமை.

நான்காவது வேலை எவரிடமும் கேட்க வேண்டியதன்று, ஆசிரியர்களாகிய எங்களுடையது. இந்நாட்டில் 1945 முதல் கல்வி இலவசம். ஐந்து வயதிலிருந்து பதினாறு வயது வரை அது கட்டாயம். வராத பிள்ளைமேல் குற்றங் காண்பதற்கு இந்தச் சட்டத்தை நாம் நன்றாகப் பயன்படுத்துகிறோம். “ஏன் வரவில்லை?” என்பதை அதட்டலாகக் கேட்கிறோம், கேள்வியாக ஒருநாளும் கேட்பதில்லை. அந்தச் சிறுமிக்கு நாங்கள் செய்தது மிகச் சிறியது. வாசலில் நிறுத்துவதை விட்டோம். செவ்வாய்க்கிழமைப் பாடத்தைப் பக்கத்து வாங்குப் பிள்ளை எழுதிக்கொடுத்தாள். தாயின் நோய் அவளுடைய குற்றமன்று என்று ஒருநாள் மாலை அவளுக்கு எடுத்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, “உண்மையாவோ, சேர்?” என்றாள். இரண்டாந்தரமும் கேட்டாள். பத்து வருடமாக அவளுக்கு அதைச் சொல்ல ஒரு நாவும் இந்த ஊரில் இருக்கவில்லை.

இதை நற்செய்தியாக நான் எழுதவில்லை. ஒரு வகுப்பாசிரியனின் தயவிலே தொங்கிக்கொண்டிருப்பது உரிமையாகாது. அவன் இடமாற்றம் பெற்றுப் போனால் அதுவும் போய்விடும். ஒவ்வொரு பாடசாலையிலும் இது ஒழுங்காக வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் திட்டமாக வேண்டும். நாட்டிலே சட்டமாக வேண்டும். அதுவரை, ஆசிரிய நண்பர்களே, நாளைக் காலை உங்கள் இடாப்பைத் திறந்து பாருங்கள். ஒரே கிழமையில், ஒரே நாளில், மாதந்தோறும் வரவின்றிக் கிடக்கும் ஒரு கட்டம் அதில் இருக்கக்கூடும். அந்தக் கட்டத்துக்குள் ஒரு பிள்ளை நிற்கிறது. வாசலிலே நிறுத்துவதற்கு முன்னர், அதை உள்ளே கூப்பிட்டு, “என்ன பிள்ளை, வீட்டில் ஏதும் கஷ்டமோ?” என்று கேளுங்கள்.